வடசென்னையில் கால்பந்து வீரர் உருவாகும் இடம்: அகாதெமி பற்றிய வாதங்களின் மீள்பார்வை

கேள்வியும் களமும்

கால்பந்து வீரர் பிறக்கிறாரா, கண்டெடுக்கப்படுகிறாரா, பயிற்சியால் ஆக்கப்படுகிறாரா என்னும் கேள்விக்கு, பிரான்ஸ் 1970களில் தன் தேசியப் பயிற்சி நிலையத்தை விஷி நகரில் திறந்த காலந்தொட்டு, கால்பந்துச் சங்கங்களும் கழகங்களும் உளவியலாளர்களும் உடலியலாளர்களும் வெவ்வேறு விடைகளைச் சொல்லி வந்துள்ளனர். அந்த விடைகள் பெரும்பாலும் அகாதெமி என்னும் அமைப்பைச் சுற்றியே அமைந்தவை. ஒரு தொழில்முறைக் கழகம், தன் முதல் அணிக்கு வேண்டிய வீரர்களை எட்டு அல்லது பத்து வயதிலேயே சேர்த்துக்கொண்டு, பதினெட்டு பத்தொன்பது வயது வரை வயதுப் பிரிவுவாரியாகப் பயிற்றுவித்து, ஆண்டுதோறும் சிலரை வைத்துக்கொண்டு சிலரை வெளியேற்றும் ஏற்பாட்டையே அச்சொல் இங்குக் குறிக்கிறது.

இக்கட்டுரை அந்த வாதங்களை மணலியை மையமாகக் கொண்டு, எண்ணூர், திருவொற்றியூர், இராயபுரம், வியாசர்பாடி எனப் பரவும் வடசென்னைத் துறைமுக, தொழிற்சாலைப் பகுதியிலிருந்து பார்க்கிறது. 1960களின் நடுப்பகுதியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிறுவனமும் உர நிறுவனமும் அடுத்தடுத்துத் தொடங்கப்பட்டதிலிருந்து மணலியின் நிலம், வேலை, காற்று ஆகிய மூன்றையும் தொழிற்சாலைகளே தீர்மானித்து வந்துள்ளன; 2011-இல் அது சென்னை மாநகராட்சியின் மண்டலமானது. சற்றுத் தெற்கே உள்ள வியாசர்பாடி, தமிழ்நாட்டில் கால்பந்து என்றவுடன் முதலில் நினைவுக்கு வரும் பெயர்களில் ஒன்று. ஐரோப்பியக் கழகங்களின் அனுபவத்திலிருந்து எழுந்த கோட்பாடுகள், வேறுவகையான நிலமும் வேலையும் உள்ள இத்தகைய இடத்தில் எந்த அளவுக்குச் செல்லும் என்பதே இங்கு ஆராயப்படுவது.

தேர்வை நம்பும் வாதம்

முதல் நிலைப்பாடு, திறமை அரிது, அது சிறுவயதிலேயே வெளிப்படும், ஆகவே கண்டறிந்து பிரித்தெடுப்பதே முதற்பணி என்பது. இங்கிலாந்தின் கால்பந்துச் சங்கம் 1984 முதல் 1999 வரை லில்லஷாலில் நடத்திய தேசியப் பள்ளி, நாடு முழுவதிலுமிருந்து ஆண்டுக்கு ஒரு சிறு குழுவை மட்டும் எடுத்துக்கொண்டது. மைக்கேல் ஓவனும் ஜோ கோலும் அங்குப் பயின்றவர்கள். 1988-இல் செயல்படத் தொடங்கிய பிரான்சின் கிளேர்ஃபோன்டென் நிலையம் தியரி ஆன்ரியையும் பின்னர் கிலியன் எம்பாப்பேயையும் தந்தது. இந்தியாவில் இதே சிந்தனையின் முதல் பெரிய வடிவம், 1987-இல் ஜாம்ஷெட்பூரில் தொடங்கிய டாடா கால்பந்து அகாதெமி.

இந்த வாதத்தின் வலு அதன் வெற்றிப் பட்டியலில் இருக்கிறது. பலவீனமும் அதே பட்டியலில்தான் இருக்கிறது. தேர்வானவர்களில் யார் வென்றார் என்பதை அது காட்டும். தேர்வாகாதவர்களில் யார் வென்றிருக்கக்கூடும் என்பதைக் காட்டாது. செலக்‌ஷன் எனப்படும் தேர்வுமுறையை அருகிருந்து பார்த்தால் இது தெளிவாகும். பிறப்புச் சான்றிதழ் நகலைக் கொடுத்துப் பெயரைப் பதிந்த சிறுவர்களுக்கு எண் எழுதிய மேலாடை தரப்படுகிறது. ஒருவரையொருவர் அறியாத பதினோரு பேர் ஓர் அணியாக நிறுத்தப்படுகின்றனர். இருபது நிமிட ஆட்டம் நடக்கிறது. அந்த இருபது நிமிடத்தில் ஒரு சிறுவனின் காலில் பந்து இருக்கும் நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டுவது அரிது. எல்லைக்கோட்டுக்கு வெளியே குறிப்பேட்டுடன் நிற்பவரின் கண்ணில், அந்தக் குறுகிய நேரத்தில் எளிதில் படுபவை வேகமும் உயரமும் உதையின் பலமுமே. பந்து வருமுன் தோளுக்கு மேல் திரும்பிப் பார்த்து இடம் அறிந்துகொள்ளும் பழக்கம் போன்றவை அல்ல.

உயரமும் பலமும் பன்னிரண்டு வயதில் திறமையின் அடையாளங்கள் அல்ல, பெரும்பாலும் பிறந்த மாதத்தின் அடையாளங்கள் என்பதைச் 'சார்பு வயது விளைவு' பற்றிய ஆய்வுகள் 1980களின் நடுப்பகுதியிலிருந்து காட்டி வருகின்றன. கனடா நாட்டு ஐஸ் ஹாக்கியில் முதலில் கவனிக்கப்பட்டு, பின்னர் ஐரோப்பிய இளையோர் கால்பந்தில் திரும்பத் திரும்ப உறுதியான இவ்விளைவின்படி, வயது கணக்கிடும் நாளை ஒட்டி ஆண்டின் முதல் மாதங்களில் பிறந்தவர்கள் இளையோர் அணிகளில் அளவுக்கு மீறி நிறைந்திருக்கின்றனர். ஜனவரியில் பிறந்தவரும் டிசம்பரில் பிறந்தவரும் ஒரே பிரிவில் ஆடும்போது ஏறத்தாழ ஓர் ஆண்டு வித்தியாசம் உண்டு. பருவமடைதலின் வேகம் ஆளுக்கு ஆள் மாறுவதால் உடல்முதிர்ச்சியில் அந்த இடைவெளி இன்னும் பல ஆண்டுகளாக விரியலாம். பிறந்த தேதிக்குப் பதிலாக உடல்முதிர்ச்சியை வைத்துக் குழு பிரிக்கும் முறையை இங்கிலாந்தின் பிரீமியர் லீக் கழகங்கள் கடந்த பத்தாண்டில் சோதித்துள்ளன. முடிவுகள் ஊக்கம் தருவன எனினும், அம்முறை முழுநேரத் தேர்வுமுறையாக எங்கும் வேரூன்றியதாகச் சொல்ல முடியாது.

இந்தியாவில் இச்சிக்கலுக்கு மேல் இன்னொன்று உண்டு. வயதைக் குறைத்துக் காட்டுவதைத் தடுக்க எலும்பு வயதுச் சோதனை நடத்தப்படுகிறது. இடது கையையும் மணிக்கட்டையும் எக்ஸ்ரே எடுத்து, முன்கை எலும்புகள் இரண்டின் முனைகளும் உள்ளங்கை, விரல் எலும்புகளுமாகப் பதின்மூன்றின் வளர்ச்சி நிலையை அளவுப் படங்களோடு ஒப்பிட்டு மதிப்பெண் இட்டு, அதிலிருந்து வயதைக் கணிக்கும் டி.டபிள்யூ.3 என்னும் முறை இங்குப் பரவலாக உள்ளது. அதன் அளவுகோல் ஐரோப்பிய, வட அமெரிக்கப் பிள்ளைகளைக் கொண்டு வகுக்கப்பட்டது. அது சொல்வது எலும்பின் முதிர்ச்சியையே அன்றி, பிறந்து கடந்த ஆண்டுகளை அல்ல. உண்மையான வயதிலேயே சீக்கிரம் வளர்ந்துவிட்ட ஒரு சிறுவன் அதில் பொய் சொன்னவனாகத் தெரியக்கூடும். மோசடியைப் பிடிக்கும் கருவி நேர்மையான பிள்ளையையும் வெளியே நிறுத்தலாம் என்பதை, சோதனையைக் கைவிடச் சொல்லும் வாதமாக அல்ல, முடிவு சொல்பவர் காட்டவேண்டிய நிதானத்துக்கான வாதமாகக் கொள்வதே பொருத்தம்.

பயிற்சி நேரத்தை நம்பும் வாதம்

இரண்டாம் நிலைப்பாடு தேர்வைவிடப் பயிற்சியை முன்வைக்கிறது. ஆண்டர்ஸ் எரிக்சனும் உடன் ஆய்வாளர்களும் 1993-இல் பெர்லின் வயலின் மாணவர்களைக் கொண்டு வெளியிட்ட ஆய்வு, குறையறிந்து திருத்தும் நோக்கோடு செய்யப்படும் 'திட்டமிட்ட பயிற்சி' எவ்வளவு கூடுகிறதோ அவ்வளவு தேர்ச்சி கூடும் என்றது. மால்கம் கிளாட்வெல்லின் 2008-ஆம் ஆண்டு நூலின் வழியாக அது 'பத்தாயிரம் மணி நேரம்' என்று சுருங்கி உலகெங்கும் பரவியது. ஆறு வயதில் சேர்த்தால்தான் ஆகும் என்று பெற்றோரிடம் சொல்லப்படும் இடங்களில் எல்லாம் இச்சுருக்கமே பேசுகிறது.

இவ்வாதத்தின் நிறுவன வடிவம் ஜெர்மனியில் தெளிவாகத் தெரிந்தது. 2000-ஆம் ஆண்டு ஐரோப்பியக் கோப்பையில் முதல் சுற்றோடு வெளியேறிய பின், முதல் தரக் கழகங்கள் அகாதெமி நடத்தினால்தான் லீக் உரிமம் என்ற விதி அங்கு வந்தது. 2014-இல் ஜெர்மனி உலகக் கோப்பையை வென்றபோது அதன் பெருமை இவ்விதிக்கே சேர்க்கப்பட்டது. பார்சிலோனாவில் 1979 முதல் இளையோர் விடுதியாக விளங்கிய லா மாசியாவில் வளர்ந்த மெஸ்ஸி, இனியெஸ்தா, ஸாவி மூவரும் 2010-ஆம் ஆண்டின் பாலோன் தோர் விருதுக்கான முதல் மூன்று இடங்களைப் பிடித்ததும் இதே வாதத்துக்குச் சான்றாயிற்று.

ஆயினும் ஜெர்மனியிலிருந்தே வந்த மறுப்பு கவனத்துக்குரியது. ஆர்னே குல்லிக்கின் ஆய்வுகள், அந்நாட்டு அகாதெமிகளில் ஆண்டுதோறும் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் மாற்றப்படுகின்றனர் என்றும், தேசிய அணிவரை சென்றவர்கள் பலர் சிறுவயதிலிருந்து ஒரே அகாதெமியில் இருந்தவர்கள் அல்லர் என்றும், இடையில் சேர்ந்தவர்கள் என்றும் காட்டின. பயிற்சிக்கும் தேர்ச்சிக்கும் உள்ள தொடர்பைப் பல ஆய்வுகளைத் தொகுத்து அளந்த 2014-ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்று, விளையாட்டில் ஆளுக்கு ஆள் காணும் வேறுபாட்டில் 18 சதவீதத்தையே திட்டமிட்ட பயிற்சி விளக்குகிறது என்றது. பயிற்சி தேவையில்லை என்பது இதன் பொருளன்று. நேரத்தை மட்டும் எண்ணுவது போதாது என்பதே. மணலிச் சிறுவனுக்கு இது வெறும் கோட்பாட்டுப் பிரச்சினை அல்ல. ஆறு வயதில் கட்டணம் கட்டிச் சேர்க்க முடியாத குடும்பத்துக்கு, பன்னிரண்டிலோ பதினான்கிலோ நுழையக் கதவு திறந்திருக்குமா என்பதே முதன்மையான கேள்வி. குல்லிக்கின் முடிவுகள் சரியென்றால், அக்கதவை மூடிவைப்பது அநீதி மட்டுமல்ல, கழகத்துக்கே நட்டமும் ஆகும்.

தெருவையும் கிரவுண்டையும் நம்பும் வாதம்

மூன்றாம் நிலைப்பாடு, சிறந்த வீரர்கள் பெரியவர் மேற்பார்வை இல்லாத விளையாட்டில் உருவாகின்றனர் என்பது. ழான் கோத்தே 1990களின் இறுதியில் வகுத்த மாதிரி, குழந்தைப் பருவத்தில் விளையாட்டுத்தனமான ஆட்டத்துக்கு முதலிடம் தந்தது. இங்கிலாந்தின் அகாதெமிச் சிறுவர்களைப் பற்றிய 2009-ஆம் ஆண்டு ஆய்வு, ஒப்பந்தம் பெற்றவர்கள் ஆறு முதல் பன்னிரண்டு வயதுவரை தாமாக ஆடிய ஆட்டத்தில், பெறாதவர்களைவிடக் கூடுதல் நேரம் செலவிட்டதாகக் கண்டது. ஜெர்மனியின் புந்தெஸ்லிகா லீக் வீரர்களைப் பற்றிய 2016-ஆம் ஆண்டு ஆய்வும் தேசிய அணி வீரர்களிடம் இதையொத்த போக்கைக் கண்டது. நிலத்தின் அகலம், தளத்தின் தன்மை, எதிராளியின் உயரம் போன்ற கட்டுப்பாடுகளே ஆட்டக்காரருக்குத் தீர்வைக் கற்றுத் தருகின்றன என்று இன்றைய இயக்கவியல் ஆய்வாளர் சிலர் இதற்கு விளக்கம் தருகின்றனர்.

வடசென்னையின் சந்துகளில் அவ்விளக்கத்தைக் கண்ணாரக் காணலாம். எட்டடிச் சந்தில் ஆடும்போது பக்கச் சுவர் இன்னொரு ஆட்டக்காரராகிறது: பந்தைச் சுவரில் அடித்து எதிராளியைச் சுற்றி எடுப்பதே கடக்க ஒரே வழி. வாசற்படியிலும் நிறுத்தியிருக்கும் பைக்கிலும் பட்டுப் பந்து எப்படித் திரும்பும் என்று முன்கூட்டியே கணிக்காதவன் ஆட்டத்தை இழக்கிறான். பத்து வயதுப் பையன் பதினாறு வயது அண்ணன்களோடு ஆடுவதால், பலத்தால் எதிர்நிற்க வழியின்றி, பந்தை ஒரே தொடுதலில் விட்டுவிடக் கற்கிறான். பிறந்த மாதம் அங்கு ஒருவரையும் முன்னே நிறுத்துவதில்லை. ஏரியா அணிகள் மோதும் செவன்ஸ் போட்டிகள், அதாவது அணிக்கு எழுவர் ஆடும் குறுங்கள ஆட்டங்கள், அந்தப் பாடத்தின் அடுத்த வகுப்பு. 2019-இல் வெளிவந்த 'சாம்பியன்', 'ஜடா' ஆகிய திரைப்படங்கள் வடசென்னையின் கால்பந்தைப் பொதுப் பார்வைக்குக் கொண்டு வந்தன.

இப்பகுதிக்குக் கால்பந்து எவ்வாறு வந்தது என்பதற்கு இரயில்வே, துறைமுக, ஆலைக் குடியிருப்புகளும் ஆங்கிலோ-இந்தியக் குடும்பங்களும் காரணமாகச் சொல்லப்படுகின்றன. 1960களில் பர்மாவிலிருந்து திரும்பி வியாசர்பாடியில் குடியேறியவர்களின் பங்கும் சொல்லப்படுவதுண்டு. இவற்றுள் எதையும் தனிக் காரணமாகக் கொள்ளத் தேவையில்லை.

எனினும் தெருவைப் போற்றும் வாதத்தில் ஓர் ஆபத்து உள்ளது. வியாசர்பாடிக்கு ஊடகங்கள் சூட்டிய 'மினி பிரேசில்' என்ற பெயர், இடப் பற்றாக்குறையையும் சத்துணவுக் குறைவையும் ஏதோ வரம்போல் காட்டிவிடுகிறது. மேலே சுட்டிய ஆய்வுகளும் வென்றவர்களின் நினைவிலிருந்து சிறுவயது நேரத்தைக் கணக்கிட்டவை, நினைவு பிசகும். மேலும், தெரு மட்டும் வீரரை உருவாக்கியதாகச் சொல்லப்படும் இடங்களை உற்று நோக்கினால், அங்கு எப்போதும் ஒரு கோச் இருந்திருக்கிறார். வியாசர்பாடியில் 1990களின் பிற்பகுதியில் உமாபதியும் தங்கராஜும் தொடங்கிய குடிசைப்பகுதிச் சிறுவர் விளையாட்டு, கல்வி வளர்ச்சிச் சங்கம், முல்லை நகர் மைதானத்தில் கட்டணமின்றிப் பயிற்சி தந்து, பள்ளிப் படிப்பையும் அதோடு பிணைத்து, ஆண் பெண் இரு பாலாரையும் சேர்த்துக்கொண்டது. தெருவுக்கும் கழகத்துக்கும் நடுவே நிற்கும் இத்தகைய கிரவுண்டு கோச்சுகளை, அகாதெமியையும் தெருவையும் எதிரெதிராக வைக்கும் நூல்கள் பெரும்பாலும் கணக்கில் எடுப்பதில்லை. இக்கட்டுரையின் கருத்தில் இதுவே அவ்விவாதத்தின் பெருங்குறை.

வேலை தந்த அணிகள்

ஐரோப்பிய நூல்களில் இடம்பெறாத நான்காம் வழி ஒன்று சென்னையில் நெடுங்காலம் நடைமுறையில் இருந்தது. பெரம்பூரில் 1955-இல் தொடங்கிய இரயில் பெட்டித் தொழிற்சாலை, தெற்கு இரயில்வே, சுங்கத்துறை, கணக்காயர் அலுவலகம், இந்தியன் வங்கி போன்ற நிறுவனங்களின் அணிகளே சென்னை லீக்கின் முதுகெலும்பாக இருந்தன. 1996-இல் தொடங்கிய தேசியக் கால்பந்து லீக்கில் சென்னையிலிருந்து ஆடியது ஒரு வங்கியின் அணி என்பதே அந்த ஏற்பாட்டின் தகுதியைக் காட்டும். பதினெட்டு, இருபது வயதில் ஆட்டத்தால் கவனம் பெற்றவர் ஆபீஸ் டீமில் சேர்வார். முதலில் உதவித்தொகை பெறும் ஆட்டக்காரராக, பிறகு ஸ்போர்ட்ஸ் கோட்டா எனப்படும் விளையாட்டு ஒதுக்கீட்டில் நிலையான ஊழியராக ஆவார். முழங்கால் ஜவ்வு கிழிந்தாலும் முப்பது வயதில் வேகம் குறைந்தாலும் மாதச் சம்பளமும் ஓய்வூதியமும் தொடரும்.

இவ்வழியின் குறைகளும் தெரிந்தவையே. சிறுவர்களை வளர்க்கும் பொறுப்பை அந்நிறுவனங்கள் ஏற்கவில்லை, வளர்ந்தவர்களையே எடுத்துக்கொண்டன. வேலை உறுதியானபின் ஆட்டத்தை மேலும் உயர்த்தும் தேவை குறைந்தது. ஆனாலும் பெற்றோர் கேட்கும் கேள்விக்கு அதனிடம் விடை இருந்தது. மணலியிலோ தண்டையார்பேட்டையிலோ ஒரு தாய், மகனை மாலையில் டியூஷனுக்கு அனுப்பாமல் கிரவுண்டுக்கு அனுப்பியது, ஆட்டம் முடிந்த பிறகும் சோறு போடும் ஒரு வேலை அதன் முடிவில் உண்டு என்ற நம்பிக்கையால். பொதுத்துறை ஆட்சேர்ப்பு சுருங்கியதோடு அந்நம்பிக்கையின் எல்லையும் சுருங்கியது. அகாதெமி அந்த இடத்தை நிரப்ப வந்ததாகப் பேசப்படுகிறது. உண்மையில் அது நிரப்பியது பயிற்சியின் இடத்தை மட்டுமே, பாதுகாப்பின் இடத்தை அல்ல.

கழக அகாதெமியின் வரவு

2014-இல் இந்தியன் சூப்பர் லீக்கும் அதில் சென்னையின் எஃப்.சி.யும் தொடங்கின. சென்னையின் எஃப்.சி. 2015-இலும் 2017-18 பருவத்திலும் பட்டம் வென்றது. இரண்டாவது பட்டம் வென்ற அணியின் நடுக்களத்தில் ஆடியவர்களில் ஒருவர் வியாசர்பாடியின் தனபால் கணேஷ். அதே காலத்தில் அந்த அணியில் வளர்ந்த மற்ற இளைஞர்கள் வந்த வழியைப் பார்ப்பது பயன் தரும்: ஜெர்ரி லால்ரின்சுவாலா மிசோரமில் பிறந்து, புனேயில் லிவர்பூல் கழகத்தின் பெயரோடு இயங்கிய அகாதெமியில் பயின்றவர், அனிருத் தாப்பா டேராடூனில் பிறந்து, தேசியக் கால்பந்துச் சங்கத்தின் அகாதெமியில் வளர்ந்தவர். பிறர் வளர்த்த இளைஞரைக் கண்டறிந்து துணிந்து களமிறக்குவதில் கழகம் திறமை காட்டியது. தன் நகரத்துச் சிறுவனைப் பத்து வயதில் எடுத்து இருபதில் முதல் அணியில் நிறுத்துவது வேறொரு பணி, அதன் பலனைச் சொல்ல இன்னும் காலம் வேண்டும்.

நகரத்துச் சிறுவன் கழக அகாதெமி இன்றியே உயர்வதற்கு, சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகரின் பாதை நல்ல எடுத்துக்காட்டு. சென்னை லீக்கில் இந்துஸ்தான் ஈகிள்ஸ், அடுத்துச் சென்னை சிட்டி எஃப்.சி., 2017-இல் டெல்லி டைனமோஸ், அது இடம்பெயர்ந்து உருவான ஒடிசா எஃப்.சி., பின்னர் ஈஸ்ட் பெங்கால் என நகர்ந்து, 2023-இல் அவர் இந்திய அணிக்காக ஆடினார். இந்த வரிசையில் எட்டு வயதில் தொடங்கும் கழக அகாதெமி இல்லை. உள்ளூர் லீக்கே அவருக்கு அகாதெமியாக இருந்தது. உள்ளூர் லீக் வலுவாக இருந்தால் தாமதமாக மலர்பவர்க்கும் ஒரு மேடை கிடைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

அகாதெமிகளின் நிலைத்தன்மை இன்னொரு சிக்கல். 2018-19 ஐ-லீக் பட்டத்தை வென்ற சென்னை சிட்டி எஃப்.சி.யில் 26 சதவீதப் பங்கை 2019-இல் சுவிட்சர்லாந்தின் பாசல் கழகம் வாங்கியது. இளையோர் வளர்ச்சி அக்கூட்டின் நோக்கங்களில் ஒன்றாகச் சொல்லப்பட்டது. சில ஆண்டுகளிலேயே சென்னை சிட்டி தேசிய லீக்கிலிருந்து மறைந்தது. புனே அகாதெமியும் நீடிக்கவில்லை. இளைஞர்க்கென்றே தேசியச் சங்கம் நடத்திய இந்தியன் ஏரோஸ் அணி 2022-இல் முடிவுக்கு வந்தது. 2010-இல் தேசியச் சங்கம் செய்துகொண்ட பதினைந்து ஆண்டு வணிக ஒப்பந்தம் முடியும் வேளையில், இந்தியன் சூப்பர் லீக்கின் 2025-26 பருவத் தொடக்கமே தள்ளிப்போனது. பத்து வயதுப் பிள்ளையிடம் எட்டாண்டு நம்பிக்கை கேட்கும் ஓர் அமைப்பு, தானே எட்டாண்டு நிற்குமா என்று பெற்றோர் கேட்பதில் தவறில்லை. மாமல்லபுரத்தில் மென்பொருள் தொழில்முனைவர் கிரீஷ் மாத்ருபூதம் தொடங்கிய எஃப்.சி. மெட்ராஸ் போன்ற உறைவிட அகாதெமிகள் கல்வியையும் பயிற்சியையும் ஒரே வளாகத்தில் இணைக்க முயல்கின்றன. அவை ஓர் உரிமையாளரின் ஈடுபாட்டைத் தாண்டியும் நிற்குமாறு அமைக்கப்படுகின்றனவா என்பதைப் பொறுத்தே அவற்றின் மதிப்பு அமையும்.

வளர்த்தவருக்குச் சேரும் பங்கு

ஃபிஃபா 2001-இல் கொண்டுவந்த இரு ஏற்பாடுகள், இளைஞரை வளர்த்த கழகங்களுக்கு ஈடு தருவதற்கானவை. ஒன்று பயிற்சி ஈட்டுத்தொகை: வீரர் முதல் தொழில்முறை ஒப்பந்தம் செய்யும்போதும், பின்னர் நாடு விட்டு நாடு மாறும்போதும், 12 முதல் 21 வயது வரையிலான பயிற்சிக்குக் கணக்கிடப்படுவது. மற்றொன்று ஒற்றுமைப் பங்கு: மாற்றுத் தொகையில் 5 சதவீதம், 12 முதல் 23 வயதுவரை அவ்வீரரைப் பதிவு செய்திருந்த கழகங்களுக்குப் பிரித்துத் தரப்படுவது.

இதன் உட்கணக்கு வடசென்னைக்கு முக்கியமானது. ஒரு கோடி ரூபாய்க்கு ஒருவர் வெளிநாட்டுக் கழகத்துக்கு மாறினால் பங்குத்தொகை 5 இலட்சம். அதில் 12 முதல் 15 வயதுவரை ஆண்டொன்றுக்கு 25 ஆயிரமும், 16 முதல் 23 வரை ஆண்டொன்றுக்கு 50 ஆயிரமும் அந்தந்த ஆண்டில் வளர்த்த கழகத்துக்குச் சேரும். பன்னிரண்டுக்கு முந்தைய ஆண்டுகளுக்கு ஒரு ரூபாயும் இல்லை. ஏழு வயதுப் பிள்ளைக்குப் பந்தை நிறுத்தக் கற்றுத் தந்த கிரவுண்டு கோச்சின் உழைப்பு இக்கணக்கில் இல்லை. பன்னிரண்டு கடந்தும் அவரே கற்றுத் தந்தாலும், அவருடைய அமைப்பு சங்கத்தில் இணைந்த கழகமாகவும் அப்பிள்ளை அதில் பதிவான வீரராகவும் இருந்தாலன்றி எதுவும் சேராது. இந்திய வீரர்கள் பெரும்பாலும் இந்தியக் கழகங்களுக்குள்ளேயே மாறுவதால், இந்தப் பன்னாட்டு விதி அவர்களைத் தொடுவதும் அரிது. உள்நாட்டு மாற்றங்களில் சிறிய அமைப்புகளுக்குப் பங்கு சேர வேண்டுமானால், எட்டு ஒன்பது வயதிலேயே பிள்ளைகளைப் பதிவு செய்யும் எளிய, கட்டணமில்லா முறை முதலில் வேண்டும். இதைத் தொண்டுக்கான வேண்டுகோளாக அன்றி, செய்த வேலைக்குரிய கூலிக் கணக்காகப் பார்ப்பதே நியாயம்.

காற்றின் கேள்வி

மணலியில் இருந்து எழுதப்படும் எந்த மதிப்பீடும் காற்றை விட்டுவிட முடியாது. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் 2009-ஆம் ஆண்டு மதிப்பீடு, மணலியை நாட்டின் கடுமையாக மாசுபட்ட தொழிற்பகுதிகளில் ஒன்றாக வகைப்படுத்தியது. 2023 டிசம்பரில் மட்டும், மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கசிவு எண்ணூர் முகத்துவாரத்தில் பரவியது. அம்மாத இறுதியில் எண்ணூரில் அம்மோனியா கசிந்தது.

ஓடும் பிள்ளை, உட்கார்ந்திருக்கும் பிள்ளையைவிடப் பன்மடங்கு காற்றை, அதுவும் வாய்வழியாக, உள்ளிழுக்கிறது. தென் கலிஃபோர்னியாவின் பன்னிரண்டு ஊர்களில் பிள்ளைகளைப் பின்தொடர்ந்து 2002-இல் வெளியான ஆய்வு, ஓசோன் மிகுந்த ஊர்களில் மூன்று அல்லது அதற்கு மேற்பட்ட விளையாட்டுகளில் ஈடுபட்ட பிள்ளைகளுக்குப் புதிதாக ஆஸ்துமா வரும் வாய்ப்பு, விளையாடாதவர்களைவிட மூன்று மடங்குக்கு மேல் இருந்ததாகவும், ஓசோன் குறைந்த ஊர்களில் அத்தொடர்பு இல்லை என்றும் கண்டது. ஜெர்மன் லீக் ஆட்டங்களை ஆராய்ந்த பொருளியலாளர்கள், நுண்துகள் கூடிய நாட்களில் வீரர்கள் கொடுக்கும் பாஸ்களின் எண்ணிக்கை குறைவதைக் கண்டனர். கலிஃபோர்னியாவின் மாசும் மணலியின் மாசும் ஒரே கலவை அல்ல. ஆகவே அவ்வெண்களை அப்படியே இங்குப் பொருத்துவது பிழை. கேள்வி மட்டும் அப்படியே பொருந்தும்.

பயிற்சி நேரத்தில் இக்கேள்வி நேரடியாக வந்து நிற்கிறது. வெயிலுக்கு அஞ்சி, வடசென்னையில் பயிற்சி காலை ஐந்தரை, ஆறு மணிக்கே தொடங்குகிறது. மார்கழி, தை மாத விடியலில் குளிர்ந்த காற்று தரையோடு அசையாமல் கிடக்க, இரவில் வெளியான புகை அதிலேயே தங்கியிருக்கும். அதைக் கலைக்கும் கடற்காற்று நண்பகலை ஒட்டித்தான் வரும். வெயிலிலிருந்து காப்பாற்றும் நேரமே மாசு மிகும் நேரமாகிவிடுகிறது. மைதானத்தருகே காற்றுத்தர அளவியும், அதன் அளவு கூடினால் ஓட்டப் பயிற்சியைக் கைவிட்டுப் பந்துத் திறன் பயிற்சிக்கு மாறும் எளிய விதியும் இதற்கு ஓரளவு தீர்வாகலாம். திறமையைப் பற்றிய பெருநூல்கள் பயிற்சியின் மணிக்கணக்கை எண்ணும்போது, அந்த மணி நேரத்தில் எந்தக் காற்று சுவாசிக்கப்பட்டது என்று கேட்பதில்லை.

முடிவாகாதவை

மேற்கண்ட நிலைப்பாடுகளில் எதுவும் முற்றிலும் தவறு அல்ல. சிறுவயதுத் தேர்வின் கணிப்புத்திறன் குறைவு என்பதிலும், தாமதமாக நுழைபவர்க்கு இடம் வேண்டும் என்பதிலும் சான்றுகள் ஓரளவு ஒன்றுபடுகின்றன. குழந்தைப் பருவத்தின் சுதந்திர ஆட்டம் பயனுள்ளது என்பதற்குச் சான்று இருப்பினும், அது காரணமா, உடன்நிகழ்வா என்பது தீரவில்லை. ஐரோப்பியச் சான்றுகளை இங்குப் பொருத்த, இப்பகுதிப் பிள்ளைகளைப் பத்தாண்டுகள் பின்தொடரும் பதிவேடு ஒன்று தேவை. கிரவுண்டு கோச்சுகளின் வருகைப் பட்டியல்களே அதற்குச் சிறந்த தொடக்கம்.

வெளியேற்றப்படுபவர்களின் நிலை இன்னும் அவசரமானது. இங்கிலாந்தில் சிறு எண்ணிக்கையில் நடத்தப்பட்ட 2016-ஆம் ஆண்டு ஆய்வு ஒன்று, அகாதெமி விடுவித்த இளைஞர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் சில வாரங்களில் மருத்துவக் கவனம் தேவைப்படும் அளவு மனத்துயரைக் காட்டியதாகக் கண்டது. ஆபீஸ் டீம் என்னும் மாற்று சுருங்கிய நகரத்தில், பதினேழு வயதில் உறைவிட அகாதெமியிலிருந்து திரும்பும் இளைஞருக்குப் படிப்பு எந்த நிலையில் நிற்கிறது என்பதை, எத்தனை பேர் ஒப்பந்தம் பெற்றனர் என்பதற்கு இணையான அளவுகோலாக வைக்கத் தேசியச் சங்கத்தின் தரச்சான்று முறையில் இடமுண்டா என்பது விவாதிக்கப்பட வேண்டும்.

பெண்களின் வழி இவ்வாதங்களுக்கு இன்னும் கடினமான சோதனை. தமிழ்நாடு பெண்கள் அணி 2017-18-இலும் 2022-23-இலும் தேசியப் பட்டம் வென்றது. மதுரையின் சேது எஃப்.சி. 2018-19-இல் இந்திய மகளிர் லீக்கை வென்றது. கடலூரின் இந்துமதி கதிரேசன் போன்றோர், மாவட்டப் பயிற்சி, கல்லூரி, காவல்துறைப் பணி என்னும் பழைய வழியாகவே தேசிய அணிவரை சென்றனர். ஆண்களின் கழக அகாதெமிகளுக்கு ஒதுக்கப்பட்ட பணத்தின் சிறு பகுதியும் இன்றிப் பெறப்பட்ட இவ்வெற்றிகளை வைத்துப் பார்த்தால், வீரரை உருவாக்குவதில் அகாதெமியின் பங்கு எவ்வளவு, உள்ளூர்ப் பயிற்சியும் ஒரு வேலையின் உறுதியும் சேர்ந்து செய்வது எவ்வளவு என்பதைப் பிரித்தறியச் சிறந்த ஒப்பீடு தமிழ்நாட்டிலேயே இருக்கிறது. அவ்வொப்பீட்டை முறையாகச் செய்யும் ஆய்வு, மணலியின் சிறுமிகள் எத்தனை பேர் பன்னிரண்டு வயதில் கிரவுண்டுக்கு வருவதை நிறுத்துகின்றனர், யார் நிறுத்தச் சொல்கின்றனர் என்பதிலிருந்து தொடங்க வேண்டியிருக்கும்.